ஆறுதல் கலக்காத மாத்திரை

பூபதியின் வாயைப் பற்றி நல்ல வார்த்தை சொன்ன ஆள் சேலம் ஜில்லாவில் கிடையாது. டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலத்தில் படிக்கட்டில் தொங்கியவர்களை அவர் கேட்ட கேள்விகளில் முக்கால்வாசியை அச்சில் போட முடியாது. போடக்கூடியதில் மென்மையானது, "படி என்ன உங்க மாமியார் வூட்டு ஊஞ்சலா?" என்பது. பிறகு பஸ்கள் தாமே ஓடவும் டிக்கெட் கொடுக்கவும் கற்றுக்கொண்டன. ஏறுகிறவர்களுக்கு வணக்கம் சொல்லவும் கற்றுக்கொண்டன. கண்டக்டர்கள் வீட்டுக்குப் போனார்கள். இனிமேலாவது மரியாதையாகப் பயணம் செய்யலாம் என்று ஊர் நிம்மதிப் பெருமூச்சு விட்டது.

கடைசியில் அந்த வாய்தான் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது.

விளம்பரத்தைப் படித்துக் காட்டியவள் மனைவி கோகிலா. "மக்களோடு இனிமையாகப் பழகத் தெரியாதவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்னு போட்டிருக்காங்க. உங்க பேரைப் போட எடம் பத்தலை போலிருக்கு, அதான் விட்டுட்டாங்க" என்றாள்.

ஏற்காடு அடிவாரத்தில் இருந்தது சுகவனம் லேப்ஸ் என்ற அந்த மருந்துக் கம்பெனி. நேர்முகத் தேர்வில் கேள்வி எதுவும் இல்லை. முதுகுவலிக்காரர் ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்து, பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருங்கள் என்றார்கள். சுவரில் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியதாக ஒரு வில்லை ஒட்டியிருந்தது. அதில் ஓர் எண் ஒளிர்ந்தது. முன்னால் வந்த ஆட்களுக்கு முப்பது, நாற்பது என்று ஓடியதாம். பூபதி உள்ளே போய், "முதுகு வலின்னா வூட்ல படுக்க வேண்டியதுதான, இங்க என்ன சினிமாவா காட்றாங்க?" என்று ஆரம்பித்தார். எண் பூஜ்யத்துக்கு இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொண்டது. வெளியே வந்த முதுகுவலிக்காரர் கூடுதலாகத் தலையும் வலிக்கிறது என்றார்.

சோதனைப் பிரிவின் தலைவி டாக்டர் யாஸ்மின் எழுந்து வந்து பூபதியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பூபதியின் பேச்சுக்கு ஒரு படித்தவர் கை குலுக்கியது அதுதான் முதல் தடவை.

"எங்க மெஷின் வாரத்துக்கு ஆயிரம் மருந்து யோசிச்சுத் தள்ளுது பூபதி சார். யோசிக்கிறதுக்கு இப்பல்லாம் செலவே கிடையாது. ஆனா அதை மனுஷனுக்குக் குடுத்துப் பாக்கணும்ல? அங்கதான் வண்டி நின்னுடுது."

"குடுத்தா செத்துடறாங்களா?"

"இல்ல. எல்லாருக்கும் நல்லாயிடுது."

பூபதி முழித்தார்.

"பாதிப் பேருக்கு நிஜ மருந்து குடுப்போம். மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எதுன்னு வாங்கறவங்களுக்கும் தெரியாது, குடுக்கறவருக்கும் தெரியாது. மருந்து சாப்பிட்டவங்களுக்கு வலி குறையுது. மாவு சாப்பிட்டவங்களுக்கும் அதே அளவு குறையுது. அப்ப மருந்து எதுக்குன்னு அனுமதி வாரியம் கேக்குது. மருந்து தோத்துப் போச்சுன்னு மூடிடறோம். பத்துக்கு ஒம்பது இப்படித்தான் போகுது."

"மாவுல எப்படிங்க வலி போவும்?"

டாக்டர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஸ்டெல்லா என்ற நர்ஸ் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவரிடமும், "சாப்டீங்களா? ஏன் மொகம் இப்படி வாடியிருக்கு? பேரனுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்று கேட்டார். ஒருவருக்கு மோர் கலந்து கொண்டுவந்தார். அவர் தலைக்கு மேல் வில்லையில் தொண்ணூற்றிரண்டு என்று ஓடியது.

"அவங்கதான் காரணம்" என்றார் டாக்டர். "யாராவது அக்கறையா நாலு வார்த்தை பேசினா, வலியைக் குறைக்கற சரக்கை உடம்பே சுரக்குது. அது மூச்சுல தெரியும், குரல்ல தெரியும். அதைத்தான் இந்த வில்லை அளக்குது. ஆறுதல்மானின்னு பேர் வெச்சிருக்கோம். போன வருஷம் மூணு நல்ல மருந்தை ஸ்டெல்லா சிஸ்டர் தனி ஒரு ஆளா தோக்கடிச்சுட்டாங்க. தோத்த மருந்துக்கு ஆன செலவெல்லாம் ஜெயிச்ச மருந்தோட விலையில ஏறுது."

"காலி வண்டி ஓட்டின டீசலுக்கும் சேத்து, ஏறின ஒருத்தன்கிட்டயே டிக்கெட் கிழிக்கறாப்பல."

"அதேதான். அதனால எங்களுக்கு இப்ப வேண்டியது இன்னொரு விஞ்ஞானி இல்ல. ஆறுதல்னா என்னன்னே தெரியாத ஒரு ஆளு."

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று பூபதிக்குப் புரியவில்லை. சம்பளத்தைச் சொன்ன பிறகு புரிந்தது. "எந்த நோவுக்கு மேடம் மருந்து?" என்று கேட்டார்.

"சர்க்கரை முத்தினவங்களுக்கு நரம்பு கெட்டுப் போயி, பாதம் நெருப்புல வெச்ச மாதிரி..."

"தெரியும்" என்றார் பூபதி.

தெரியாமல் என்ன? கோகிலாவுக்கு ஆறு வருஷமாக அதுதான். பொழுது சாய்ந்தால் எரிச்சல் ஏறும். வலியைச் சொல்லச் சொன்னால் பத்துக்கு எட்டு என்பாள். பூபதி பானைத் தண்ணீரில் துண்டை நனைத்துப் பிழிந்து, பாதத்தைச் சுற்றிக் கட்டி, கட்டை விரலால் மெதுவாக அழுத்திக் கொடுப்பார். கொடுக்கும்போது வாய் சும்மா இருக்காது. "சர்க்கரைன்னு தெரிஞ்சும் மல்கோவாவை அறுத்து முழுங்கினா எரியாம குளுருமா? அடுத்த சீசன் வரட்டும், மாம்பழக் கடைப் பக்கம் போனா காலை உடைச்சுப் போடறேன், எரியற வேலையே இருக்காது" என்று திட்டிக்கொண்டே இருப்பார். எட்டு ஐந்துக்கு இறங்கும். அவள் அப்படியே தூங்கிப் போவாள்.

"எங்க அத்தாவுக்கும் இருக்கு" என்று தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார் டாக்டர், பூபதியின் முகத்தைப் பார்த்துவிட்டு. "செருப்பு போட முடியாம வெளிய போறதையே விட்டுட்டார்."

"இந்த மருந்து ஜெயிச்சா எங்க வூட்டுக்காரிக்குக் கெடைக்குங்களா?"

"எல்லாருக்கும்தான் கிடைக்கும். ஜெயிக்கட்டும்."

மறுநாளே பூபதி சேர்ந்துவிட்டார். ஸ்டெல்லாவைக் கிடங்குக்கு மாற்றினார்கள். மாத்திரைப் பெட்டிகளுக்கு எவ்வளவு ஆறுதல் சொன்னாலும் கம்பெனிக்கு நஷ்டமில்லை.

பூபதியின் வேலை சுலபம். "அடுத்த ஆளு. வாயைத் தொற. தண்ணியக் குடி. எந்திரி. அடுத்த ஆளு." கேள்வி கேட்டால் பதில் கிடையாது. வணக்கம் சொன்னால் தலை அசையாது. வில்லை பத்தைத் தாண்டினால் அன்றைய கணக்கு செல்லாது என்று சொல்லியிருந்தார்கள். பல நாள் வரை பூபதியின் அறையில் அது இரண்டைத் தாண்டவில்லை. பங்குதாரர்கள் வந்து கண்ணாடி வழியாகப் பார்த்து, அடேயப்பா என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

ஒரு நாள் சின்னப்பொண்ணு என்ற ஓமலூர்ப் பக்கத்துப் பூக்காரி மாத்திரை வாங்க வந்தாள். வாங்கிக்கொண்டவள் எழவில்லை. பூபதியின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ராவெல்லாம் எரிச்சல் தம்பி, தூக்கமே இல்ல. கட்டிக் குடுத்த பூவெல்லாம் கோணலா வருதுன்னு கடைக்காரன் திருப்பிட்டான். நாளைக்காச்சும் கொறையுமா? ஒரு வார்த்தை சொல்லு."

சொல்வதற்கு பூபதியிடம் வார்த்தை இல்லாமல் இல்லை. துண்டை நனைத்துக் கட்டு என்று சொல்லலாம். கிழவி, உனக்கு இந்த வயசில பூக்கட்டு ஒரு கேடா என்று உரிமையோடு ஒரு திட்டுத் திட்டலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. வில்லையில் எண் மூன்று, ஐந்து, எட்டு என்று ஏறத் தொடங்கியிருந்தது. இந்த மருந்து தோற்றால் கோகிலாவுக்கு எதுவுமே இல்லை என்ற நினைப்பு வந்தது. சட்டைக் கையை உருவிக்கொண்டு, அவள் தலைக்கு மேல் இருந்த சுவரைப் பார்த்து, "அடுத்த ஆளு" என்றார்.

எண் கீழே இறங்கியது. சின்னப்பொண்ணு பையை எடுத்துக்கொண்டு போனாள். பஸ்ஸில் ஆயிரம் பேரைத் திட்டியும் பூபதிக்கு வராத துக்கம், யாரையும் திட்டாத அன்றைக்கு வந்தது.

"இன்னிக்கு ஒரு கெழவிக்குப் பாவம் பண்ணிட்டேன்" என்றார் சாயங்காலம் துண்டைப் பிழிந்துகொண்டே.

"எதுக்கு?"

"ஒனக்காவத்தான்."

கோகிலா நீட்டியிருந்த காலை இழுத்துக்கொண்டாள். "எனக்காகன்னு சொல்லாதீங்க. அப்புறம் அதுல பாதி நானும் சுமக்கணும்" என்றாள்.

மருந்து ஜெயித்தது. மாவு சாப்பிட்டவர்களுக்கு எரிச்சல் எட்டிலிருந்து அசையவில்லை. மருந்து சாப்பிட்டவர்களுக்கு ஐந்துக்கு இறங்கியது. இத்தனை சுத்தமான வித்தியாசத்தை வாரியம் அதுவரை பார்த்ததில்லையாம். செய்தி பரவியதும் எல்லா மருந்துக் கம்பெனிகளும் சேலத்துக்கு ஆள் தேடி வந்தன. முன்னாள் கண்டக்டர்கள், கடன் வசூல்காரர்கள், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கச் செயலாளர்கள் என்று தகுதியுள்ள பலர் ஐதராபாத்துக்கு விமானம் ஏறினார்கள். சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் கடுகடுப்புப் பயிற்சி மையம் ஒன்று திறந்தார்கள். வரவேற்பில் இருந்த பெண்ணுக்குச் சிரிக்காமல் இருக்க வரவில்லை என்பதால் அது மூன்றாம் மாதம் மூடப்பட்டது. ஒரு மருந்து வெளியே வர ஆகும் காலம் பாதியாகிவிட்டது என்று நிபுணர்கள் எழுதினார்கள். விலை மட்டும் குறையவில்லை. பழைய தோல்விகளின் பாக்கி இன்னும் தீரவில்லை என்றார்கள்.

கடையில் விலைப் பட்டியலைப் பார்த்துவிட்டு பூபதி நேரே டாக்டரிடம் போனார். "என்ன மேடம் இது? ஒரு மாச மாத்திரைக்கு என் ஒரு மாச சம்பளமே பத்தாது போலிருக்கே."

"காப்பீட்டுல எழுதிப் போட்டா இலவசம் பூபதி சார்." டாக்டர் மேசையில் கிடந்த பேனாவை எடுத்து வைத்தார். "ஆனா ஒரு நிபந்தனை இருக்கு. ஆறுதல் இல்லாத எடத்துலதானே சோதிச்சீங்க, அப்ப அந்த மாதிரி எடத்துலதானே வேலை செய்யும்னு நிரூபிச்சிருக்கீங்கன்னு வாரியம் மடக்கிட்டாங்க. ஆறுதல் இருக்கிற வீட்டுக்குக் காப்பீட்டுப் பணம் குடுக்க மாட்டாங்களாம். வீட்டுல ஒரு மாசம் வில்லையை ஒட்டிப் பாப்பாங்க. பத்துக்குக் கீழே இருக்கணும். அதுக்கப்புறமும் மாத்திரை வாங்கற வரைக்கும் வில்லை செவுத்துலதான் இருக்கும்."

"எந்தப் புண்ணியவான் மேடம் இந்த விதியை எழுதினது?"

"நான்தான் எழுதிக் குடுத்தேன். ஒத்துக்கலைன்னா இன்னும் நாலு வருஷம் இழுத்திருப்பாங்க."

பூபதி சிரித்துவிட்டார். "போவட்டும் மேடம். என் வூட்ல பத்தா? பூஜ்யத்துக்குக் கீழ எண் இருந்தா அதுல ஓடும்."

வில்லையைக் கூடத்துச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்கள். முதல் நாள் சாயங்காலம் அது எழுபத்து நான்கு காட்டியது.

பழுது என்று போன் போட்டார். புதுசு கொண்டுவந்து ஒட்டினார்கள். அது எழுபத்தாறு காட்டியது. கம்பெனியில் டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுல நீங்க என்னதான் பண்றீங்க?" என்று கேட்டார்.

"திட்டறேன் மேடம். சத்தியமா திட்டத்தான் செய்யறேன்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டார். "கோகிலா, இன்னிக்கு உன்னை நெசமாவே திட்டப் போறேன். மனசுல வெச்சுக்காத" என்று சொல்லிவிட்டு, நெரிசல் நேரத்து டவுன் பஸ் குரலில் ஆரம்பித்தார். அவள் சமையல், அவள் தம்பி, அவள் குறட்டை எதையும் விடவில்லை. வில்லை எண்பத்தொன்றுக்கு ஏறியது.

கோகிலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நீங்க என்னை மொத மொத திட்டினதே பஸ்ஸுலதான். ஜன்னல்ல கையை நீட்டாத, கை போயிட்டா ஒரு பயலும் கட்டிக்க மாட்டான்னு கத்துனீங்க. இந்தாளு எதுக்கு என் கல்யாணத்தைப் பத்திக் கவலைப்படறான்னு அன்னிக்கே யோசிச்சேன். அதே குரல்ல இப்பக் கத்தினா எப்படிங்க எறங்கும்?"

அப்போதுதான் பூபதிக்கு உறைத்தது. அந்த முதுகுவலிக்காரரைத் தவிர கம்பெனியில் அவர் யாரையும் திட்டியதே இல்லை; அவரையும் முகம் பார்த்துத் திட்டவில்லை. அங்கே அவர் யாரையும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பூஜ்யம் வந்தது அதனால்தான்.

மறுநாளிலிருந்து வீட்டிலும் அவர் பார்க்கவில்லை. அவள் சாப்பிட்டு முடித்த பிறகு வந்து சாப்பிட்டார். கேட்டதற்கு உம் கொட்டினார், பிறகு அதையும் விட்டார். துண்டு கொடியில் காய்ந்து விறைத்துத் தொங்கியது. எண் நாற்பதானது, இருபத்தைந்தானது. கோகிலாவும் ஒத்துழைத்தாள், எரிச்சல் எட்டுக்கு ஏறும்போது முனகல் வெளியே வராமல் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஒரு நாள் பூபதி தாங்க முடியாமல் கதவருகே போய் நின்றார். ஒன்றும் செய்யவில்லை, சும்மாதான் நின்றார். உள்ளேயிருந்து முனகல் நின்றது. கூடத்தில் எண் ஒன்பதிலிருந்து பதினான்குக்கு ஏறியதைப் பார்த்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். கல்யாணம் ஆன நாளாக அவளுக்கு அவர் செய்த கொடுமைகளில் இதுதான் பெரியது. அதைச் செய்ததற்கு வில்லை ஆறு என்று மார்க் போட்டது.

காப்பீடு கிடைத்தது. மாத்திரைப் பெட்டி வீட்டுக்கே வந்தது. கோகிலா போட்டுக்கொண்டாள். எட்டு, ஐந்துக்கு இறங்கியது. டாக்டர் சொன்னது சொன்னபடி நடந்தது.

அவள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "துண்டைக் கட்டினாலும் அஞ்சுதானே இருந்துச்சு?" என்றாள் சுவரைப் பார்த்து. நேரே பார்த்தால் எண் ஏறிவிடும். "துண்டும் கட்டி மாத்திரையும் போட்டா ரெண்டுக்கு எறங்குமோ?"

இந்தக் கேள்வியைப் பூபதி கம்பெனிக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

"தெரியாது" என்றார் டாக்டர் யாஸ்மின். அவர் கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருந்தது. "ரெண்டும் சேந்தா என்ன ஆகும்னு யாரும் பாத்ததில்ல. கூடலாம், கூடாமலும் போகலாம். அதைக் கண்டுபிடிக்கத் தனியா ஒரு சோதனை நடத்தணும்."

"நடத்துங்க மேடம்."

"எவன் செலவு பண்ணுவான்? மாத்திரைக்குக் காப்புரிமை இருக்கு. ஈரத் துண்டுக்கு யார் காப்புரிமை வாங்கறது? தப்பித்தவறித் துண்டே போதும்னு முடிவு வந்தா கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்."

பூபதி எழுந்து வந்தார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கோகிலா வாசலில் பையோடு நின்றிருந்தாள். "தட்டுவடை செட்டு சாப்பிடணும்போல இருக்கு" என்று வாசல் கதவிடம் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். பூபதி பத்தடி பின்னால் போனார். தெருமுனை திரும்பிய பிறகு கூடவே நடந்தார்.

கடைவீதி வரைக்கும் அவளால் நடக்க முடியவில்லை. வழியில் இருந்த பஸ் நிறுத்தத்தின் நீள பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கோகிலா பைக்குள்ளிருந்து ஒரு பாலிதீன் உறையை எடுத்தாள். உள்ளே துண்டு, நனைத்துப் பிழிந்தது.

"அடிப்பாவி, இதைச் சொல்லவே இல்லியே நீ" என்றார் பூபதி. பேசி ரொம்ப நாளாகியிருந்ததால் குரல் கட்டியிருந்தது. அவள் காலைத் தூக்கி மடியில் வைத்துத் துண்டைச் சுற்றினார். கட்டை விரல் பழைய இடத்தை உடனே கண்டுபிடித்தது. அதன் பிறகு வாய் தானாக ஓடியது. "வெட்கமில்ல? தட்டுவடையாம். சர்க்கரைக்காரிக்கு நாக்கு நாலு மொழம். மாத்திரை வந்துடுச்சுன்னு திமிரு..."

காலி பஸ் ஒன்று வந்து நின்று, பயணம் செய்ய விரும்புகிறீர்களா என்று இனிமையாகக் கேட்டது. யாரும் ஏறாததால் நன்றி சொல்லிவிட்டுப் போனது.

"ரெண்டு" என்றாள் கோகிலா. சொல்லிவிட்டு அழுதாள். பூபதியும் அழுதார், திட்டுவதை நிறுத்தாமலே.

தினமும் வர ஆரம்பித்தார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது மட்டும் ஒரு சுற்றுக் கூடுதலாக நடந்து, மூச்சு பழையபடி ஆன பிறகே கதவைத் திறப்பார்கள். சில நாள் கழித்துத்தான் பூபதி மற்றவர்களைக் கவனித்தார். பெஞ்சின் அந்தக் கோடியில் ஓர் ஆள் மனைவிக்குத் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். தூணோரம் ஒரு பெண் தன் மாமியாருக்குத் தலைவாரிக்கொண்டே ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள். யாரும் பஸ் ஏற வரவில்லை. எல்லார் பையிலும் அதே மாத்திரைப் பெட்டி இருந்தது. எல்லார் வீட்டுச் சுவரிலும் வில்லை பத்துக்குக் கீழே ஒழுங்காக எரிந்துகொண்டிருக்கும்.

ஒரு சாயங்காலம் நல்ல கூட்டம். ஆட்டோவிலிருந்து தொப்பி போட்ட பெரியவர் ஒருவரைக் கைத்தாங்கலாக இறக்கினார் டாக்டர் யாஸ்மின். பெரியவர் காலில் செருப்பில்லை. டாக்டரின் கையில் ஒரு பாலிதீன் உறை இருந்தது. பூபதியைப் பார்த்ததும் அவர் அங்கேயே நின்றுவிட்டார். பூபதிக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கோகிலாவின் பாதம் அவர் மடியில் இருந்தது.

பிறகு அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் சமாளித்தார்.

"ஓரத்துலயே நின்னா எப்படி மேடம்? உள்ள வாங்க. யோவ் தூணோரம், உன் அப்பன் வூட்டு பெஞ்சா அது? தள்ளி உக்காரு, பெரியவருக்கு எடம் விடு. தள்ளு, தள்ளு, இன்னும் ரெண்டு பேரு உக்காரலாம்."

பெஞ்சு முழுவதும் சிரித்துக்கொண்டே நகர்ந்தது. டாக்டர் தன் அத்தாவை உட்கார வைத்துவிட்டுத் தரையில் மண்டியிட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கோகிலாவிடம் மட்டும் கேட்கும்படி, "எவ்வளவுக்கு இறங்குது?" என்றார்.

"ரெண்டு."

பழக்க தோஷத்தில் டாக்டரின் கை குறித்துக்கொள்ளப் போனை எடுத்தது. போனைத் திறந்து ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை அணைத்துக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, உறையைப் பிரித்துத் துண்டை எடுத்தார்.